5,000 ரூபாய்க்குள் வாடகை வீட்டை அழகாக்குவது எப்படி?

நம் ஊர்களில் நடுத்தரக் குடும்பங்கள் குடியிருக்கும் வாடகை வீடுகளுக்குப் பெரும்பாலும் ஒரே அமைப்புதான்: ஒரு கூடம், ஒன்றோ இரண்டோ படுக்கையறைகள், சுவரின் மேற்பகுதியில் ஒரு சிமெண்ட் பரண், கூடத்துச் சுவரில் ஒரு வெள்ளை ட்யூப் லைட், இவற்றோடு ஆணி அடிக்கக் கூடாது என்ற வீட்டுக்காரரின் நிபந்தனை. இப்படிப்பட்ட வீட்டை 5,000 ரூபாய்க்குள் பார்வைக்கு இதமாக மாற்ற முடியும். ஆனால் அந்தப் பணத்தை அலங்காரப் பொருள்கள் விற்கும் கடையில் கொடுத்தால், நான்கு பிளாஸ்டிக் பூங்கொத்துகளும் ஒரு சுவர்க் கடிகாரமும் வந்து சேருமே தவிர, வீடு மாறாது. விளக்கொளிக்கும் துணிக்கும் முதலில் செலவழித்து, எஞ்சியதைப் பீரோவுக்கும் சுவருக்கும் ஒதுக்குவதே சரியான வரிசை என்பது என் கருத்து.

அதற்கும் முன்பாகச் செலவே இல்லாத வேலை ஒன்று உண்டு. கூடத்தில் கண்ணில் படும் பொருள்களில் அன்றாடம் கை படாதவற்றை எல்லாம் ஒரு நாள் முழுவதும் வேறு அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள். மளிகைக் கடையும் நகைக் கடையும் கொடுத்த மாதக் காட்டிகள், உறை பிரிக்காத பரிசுப் பொருள்கள், தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வரிசை கட்டி நிற்கும் பொம்மைகள் ஆகியவை விலகியதும், அறையின் உண்மையான அளவும் எந்த மூலை வெறுமையாக இருக்கிறது என்பதும் புலப்படும். திருப்பி வைக்கும்போது பாதிக்கு மேல் வேண்டியிருக்காது. தினசரித் தாள் கிழிக்கும் நாட்காட்டி ஒன்று போதும். ராகு காலம் பார்க்க மூன்று தேவையில்லை.

விளக்கு

நம் வீடுகள் இரவில் களையிழந்து தெரிவதற்கு முதற்காரணம் வெள்ளை வெளிச்சம். வழக்கமாகப் பொருத்தப்படும் ட்யூப் லைட்டும் எல்இடி பல்பும் 6,500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு) அளவிலான, சற்று நீலம் கலந்த வெண்மையைத் தருகின்றன. சமையலறைக்கும் படிக்கும் மேசைக்கும் அது நல்லது. கூடத்திலும் படுக்கையறையிலும் மாலைக்குப் பின் 2,700 முதல் 3,000 கெல்வின் வரையிலான மஞ்சள் ஒளி இருந்தால், அதே சுவரும் அதே நாற்காலியும் வேறாகத் தெரியும். பல்பு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் ‘வார்ம் ஒயிட்’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 9 வாட் பல்பு ஒன்றுக்கு நூறு ரூபாய்க்கு முன்பின் ஆகும். கூடத்துக்கு இரண்டு போதும். ட்யூப் லைட்டைக் கழற்ற வேண்டாம், விருந்தினர் வரும்போதும் தரை பெருக்கும்போதும் அது தேவைப்படும்.

விளக்கின் நிறத்தைப் போலவே அதன் உயரமும் முக்கியம். தலைக்கு மேலிருந்து ஒரே இடத்தில் விழும் ஒளியைவிட, இடுப்பு உயரத்திலோ தரையருகிலோ இரண்டு மூலைகளில் இருந்து எழும் ஒளி அறைக்கு ஆழம் தரும். இதற்கு விலையுயர்ந்த விளக்குத் தண்டு வாங்க வேண்டியதில்லை. மூங்கில் கூடையோ பனையோலைக் கூடையோ ஒன்று எடுத்து, அடிப்பகுதியின் நடுவில் ஹோல்டர் நுழையும் அளவுக்குத் துளையிட்டு, பிளக்குடன் கூடிய ஒயரைத் தெருமுனை எலக்ட்ரிக் கடையில் கொடுத்து இணைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பியிலிருந்து தலைகீழாகத் தொங்கவிட்டால், ஓலைப் பின்னலின் இடைவெளிகள் சுவர் முழுவதும் நிழற்கோலம் போடும். எல்இடி பல்பை மட்டுமே பயன்படுத்த வேண்டும். பழைய குண்டு பல்பின் சூட்டில் ஓலை கருகித் தீப்பற்றும். எல்இடியும் அடிப்பகுதியில் சூடாகும் என்பதால், பல்புக்கும் கூடைக்கும் இடையே நான்கு விரற்கடை இடம் விடுங்கள்.

துணி

அலமாரியின் அடித்தட்டில் உடுத்தாமல் கிடக்கும் பருத்திப் புடவைதான் இந்த வேலைக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த பொருள். கடையில் வாங்கும் பாலியெஸ்டர் திரைச்சீலை காற்றைத் தடுக்கும். பலமுறை துவைத்து மெலிந்த பருத்தி காற்றையும் விடும், வெயிலையும் வடிகட்டும். மேலும் அது சுருங்க வேண்டிய அளவுக்கு முன்பே சுருங்கியிருக்கும் என்பதால், தைத்த பிறகு நீளம் குறையுமோ என்ற கவலையும் இல்லை.

சாதாரணப் புடவை ஐந்தரை மீட்டர் நீளமும் ஏறத்தாழ 1.15 மீட்டர் அகலமும் கொண்டது. ஏழடி உயர வாசலுக்கு, மடிப்புத் தையலையும் சேர்த்து 2.3 மீட்டர் வீதம் இரண்டு துண்டுகளை உடல் பகுதியிலிருந்து வெட்டினால், முந்தானைப் பக்கம் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் மிஞ்சும். அதை அகலவாக்கில் இரண்டு பட்டைகளாக வெட்டினால், 16 அங்குலத் திண்டு உறைகள் இரண்டு தைக்கலாம். முந்தானையின் வேலைப்பாடு திண்டிலும் உடலின் எளிய பகுதி திரையிலுமாக அமைவதால், தனித்தனியே வாங்கினால் கிடைக்காத ஒற்றுமை தானாகவே கிடைக்கும். மதுரைச் சுங்குடியின் புள்ளிகள் வெளிச்சம் ஊடுருவும்போது இன்னும் அழகாகத் தெரியும்; ஜன்னலுக்கு என் முதல் தேர்வு அதுதான். ஐந்தடி ஜன்னலாக இருந்தால் ஒரு புடவையில் மூன்று திரைகள் வரும்.

மேற்கு வெயில் நேராக விழும் ஜன்னலுக்கு உட்புறமாக வெள்ளை அஸ்தர் (லைனிங் துணி) கொடுக்காவிட்டால் புடவையின் சாயம் ஓராண்டில் வெளுத்துவிடலாம். எட்டு முழ வேட்டி ஒன்று ஏறத்தாழ 3.6 மீட்டர் நீளம் இருக்கும். இரண்டு ஜன்னல் திரைகளுக்கு அதுவே அஸ்தராகும். பட்டுப் புடவையை மட்டும் ஜன்னலில் மாட்ட வேண்டாம். வெயிலில் பட்டு இழை நொய்ந்து, ஒரு நாள் தொட்டதும் கிழியும். பட்டின் மீது ஆசை இருந்தால், கிழிந்த புடவையின் கரையை மட்டும் இரண்டடி நீளத்துக்கு வெட்டி, வெயில் படாத சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்கலாம். கோயில் வாசலில் சுவாமி படங்களுக்குச் சட்டம் போட்டுத் தரும் கடைகள் இதைப் பெரிய கடைகளைவிடக் குறைந்த கூலிக்குச் செய்து தருவார்கள்.

தரைக்குப் பவானி ஜமக்காளம் ஒன்று நெடுங்காலம் உழைக்கும். அதன் அகலமான வண்ணப் பட்டைகள் வலுவானவை என்பதால், ஜமக்காளம் விரித்த அறையில் திண்டும் திரையும் அடங்கிய நிறத்தில் இருப்பது நல்லது. வீட்டின் தரை பழைய மொசைக்காகவோ சிவப்பு ஆக்சைடாகவோ இருந்தால் எதையும் விரிக்காதீர்கள். அந்தத் தரையே இப்போது எளிதில் கிடைக்காத அலங்காரம். அதைத் துடைத்து மினுக்கினால் போதும்.

பீரோ

அறையின் மிகப் பெரிய பொருளும், பலரும் கவனிக்காமல் விடும் பொருளும் இரும்புப் பீரோதான். பழுப்பேறிய பீரோவை வைத்துக்கொண்டு எத்தனை படங்கள் மாட்டினாலும் கண் பீரோவுக்கே போகும். ஆறரை அடி உயரமும் மூன்றடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் கொண்ட பீரோவின் முன்பக்கமும் இரு பக்கவாட்டுகளும் சேர்ந்தால் ஏறத்தாழ 40 சதுர அடி. இரண்டு பூச்சுகளுக்கு ஒரு லிட்டர் எனாமல் தாராளமாகப் போதும்.

பீரோவைச் சுவரிலிருந்து ஓரடி முன்னே இழுத்து, அடியில் பழைய செய்தித்தாளை விரியுங்கள். சோப்பு நீரால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து உலர்த்திய பின், உப்புத்தாளால் பழைய பெயிண்டின் பளபளப்பு மங்கும் வரை தேய்க்க வேண்டும். முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. விரல் நகத்தால் தடவினால் வழுக்காமல் லேசாகப் பிடிக்கும் சொரசொரப்பு வந்தால் சரி. துருப்பிடித்த இடங்களை மட்டும் இரும்பு தெரியும் வரை தேய்த்து, அங்கே ரெட் ஆக்சைடு பிரைமர் பூசுங்கள். கண்ணாடியையும் கைப்பிடியையும் தாளாலும் மாஸ்கிங் டேப்பாலும் மூடிக்கொண்டு, எனாமலைச் சிறிது டர்பன்டைன் கலந்து இளக்கி, மெல்லிய பூச்சாக மேலிருந்து கீழாக இழுங்கள். தடித்துப் பூசினால் கண்ணீர்க் கோடுகளாக வழியும். முதற்பூச்சு ஓர் இரவு உலர்ந்த பின் இரண்டாவது பூச்சு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஈரக் காற்றில் எனாமல் நாள்கணக்கில் ஒட்டும். பெயிண்டின் நெடி போகும் வரை அந்த அறையில் யாரும் படுக்கவும் வேண்டாம்.

நிறத்தைப் பொறுத்தவரை, அறை சிறியது என்றால் சுவரின் நிறத்தையே பீரோவுக்கும் பூசுவது நல்லது. பீரோ சுவரோடு கரைந்து அறை அகன்று தெரியும். அரக்கு, பச்சை போன்ற அழுத்தமான நிறங்கள் பெரிய அறைக்குத்தான் பொருந்தும்.

சுவர்

ஒட்டுக் கொக்கிகள் வாங்குவதற்கு முன் உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேயுங்கள். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் அது சுண்ணாம்போ மலிவான டிஸ்டெம்பரோ பூசிய சுவர்; எந்தக் கொக்கியும் பொடியோடு பெயர்ந்து விழும். அத்தகைய கொக்கிகளுக்கு டைல்ஸ், கண்ணாடி, பீரோவின் பக்கவாட்டு ஆகியவையே உரிய இடங்கள்.

சுவரில் மாட்ட வேண்டியவற்றுக்கு வீட்டுக்காரரிடம் இரண்டே துளைகளுக்கு அனுமதி கேளுங்கள். பத்து ஆணிகளுக்கு மறுப்பவர்கள்கூட இரண்டுக்கு இசைவார்கள். அந்த இரண்டு துளைகளில் கட்டையும் திருகாணியும் பொருத்தி, ஐந்தடி நீள மரரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) ஒன்றைப் படுக்கைவாட்டில் நிறுத்திவிட்டால், பிறகு எத்தனை படங்களை வேண்டுமானாலும் அதிலிருந்து கயிற்றில் தொங்கவிடலாம், மாற்றலாம், இறக்கலாம். ரீப்பர் மரக்கடையில் அடிக்கணக்கில் கிடைக்கும். அதிலிருந்து கோரைப்பாய் ஒன்றை நீளவாக்கில் தொங்கவிட்டாலே வெற்றுச்சுவர் நிறைந்துவிடும். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையின் மெல்லிய பாய்கள் புகழ்பெற்றவை, விலையும் அதற்கேற்றது. சுவருக்குச் சாதாரணக் கோரையே போதும்.

ஓதம் ஏறி உப்புப் பூத்த சுவரை மட்டும் பாயாலோ ஸ்டிக்கர் வால்பேப்பராலோ மறைக்காதீர்கள். உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை படர்ந்து, மாதங்களில் ஸ்டிக்கரே உப்பி வரும். குழாய்க் கசிவைச் சரிசெய்வது வீட்டுக்காரரிடம் பேச வேண்டிய விஷயம். அதுவரை சுவரைக் காற்றாட விடுங்கள்.

பசுமையும் பித்தளையும்

மணி பிளாண்டுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அண்டை வீட்டுக் கொடியிலிருந்து கணுவுக்குக் கீழே வெட்டிய துண்டைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில், கணு நீரில் மூழ்கும்படி வைத்தால் சில வாரங்களில் வேர் விடும். வெளிச்சம் குறைந்த மூலைக்கு ‘ஸ்நேக் பிளாண்ட்’ எனப்படும் சான்செவேரியா ஏற்றது. பரணில் கிடக்கும் பித்தளை உருளியைப் புளியால் தேய்த்து, நீர் நிரப்பிச் செம்பருத்தியோ அரளியோ மிதக்கவிடலாம். அரளி நஞ்சு என்பதால் தவழும் குழந்தை உள்ள வீட்டில் அது வேண்டாம். நீரை அன்றாடம் கொட்டி மாற்ற வேண்டும்; தேங்கிய நீரில் டெங்குக் கொசு ஒரு வாரத்துக்குச் சற்றே கூடுதலான காலத்தில் முட்டையிலிருந்து வளர்ந்து பறந்துவிடும்.

வாங்கும் காலமும் காலி செய்யும் நாளும்

துணிகளை ஆடித் தள்ளுபடியில் வாங்குங்கள். 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் போன்ற கைத்தறி நிலையங்களில் தள்ளுபடிக் காலங்களில் ஜமக்காளமும் போர்வையும் கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைக்கும். மண்பானையும் அகலும் பொங்கலுக்கும் கார்த்திகைத் தீபத்துக்கும் முன்பு விலை ஏறும், பின்பு இறங்கும். பழைய மரச்சட்டங்களும் ஸ்டூல்களும் போகிக்கு முந்தைய வாரத்தில் தெருவுக்கே வந்துவிடுகின்றன. எடுக்கும் முன் ஊசியால் குத்திப் பாருங்கள். ஊசி எளிதாக இறங்கினால் கரையான் அரித்த மரம், அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

வீட்டைக் காலி செய்யும் நாளில் திரை, விளக்கு, ரீப்பர், பாய் அனைத்தும் உங்களோடு வரும். சுவரில் எஞ்சும் இரண்டு துளைகளிலிருந்தும் கட்டையைப் பிடுங்கி, வால் புட்டியை நீரில் குழைத்து அடைத்து, மறுநாள் உப்புத்தாளால் மட்டம் செய்து, முன்பே வாங்கி வைத்த சிறு டப்பா சுவர் பெயிண்டை விரலால் ஒற்றி எடுங்கள். முன்பணத்தைத் திரும்ப வாங்கப் போவதற்கு முன், அந்த இடம் உலர்ந்துவிட்டதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.