வீகனா மாறணுமா? காப்பி, தயிர், நெய்ன்னு மூணையும் சமாளிச்சா போதும்

வீகன்னு சொன்னாலே நம்ம ஊர்ல மொத கேள்வி "அப்ப சைவம்தான?", அடுத்த கேள்வி "அட, பால் கூடவா குடிக்க மாட்ட?" நம்ம சைவ சாப்பாட்டுல பாலும் தயிரும் நெய்யும்தான் ராஜா, அதனால குழப்பம் வர்றது நியாயம்தான். வீகன்ல கறி, மீன், முட்டையோட சேர்த்து பால் ஐட்டம் அத்தனையும் கெடையாது, தேனும் கெடையாது. இந்தப் பஞ்சாயத்து புதுசும் இல்ல, 1944ல இங்கிலாந்துல டொனால்ட் வாட்சனும் அவரோட சேர்ந்தவங்களும் பால் குடிக்கிற சைவக்காரங்ககிட்ட இருந்து தனியா தெரியணும்னுதான் இந்தப் பேரையே உண்டாக்குனாங்க.

நான் மதுரக்காரன், ஞாயித்துக்கிழமைன்னா கறிக்கொழம்பு இல்லாம விடியாத வீடு. மொதவாட்டி ட்ரை பண்ணப்ப ஒரே நாள்ல எல்லாத்தையும் நிறுத்துனேன், ஒம்பதாவது நாள் ராத்திரி பிரிட்ஜ தொறந்து நின்னபடியே தயிர் சோத்த அள்ளிப் போட்டுக்கிட்டேன். ரெண்டாவது வாட்டி ஒண்ணு ஒண்ணா நிறுத்துனேன், நாலு வருஷமா ஓடுது. அந்த வரிசையத்தான் கீழ சொல்றேன்.

ஸ்டெப் 1: ஒரு வாரம் எதையும் நிறுத்தாம எழுதுங்க

காலைல இருந்து ராத்திரி வரைக்கும் வாயில போடறத எல்லாம் போன்ல குறிச்சுக்கங்க, வாரக் கடைசில அதுல பால், நெய், கறி வர்ற எடத்த மட்டும் வட்டம் போடுங்க. நான் போட்டப்ப எனக்கே ஆச்சரியம். இட்லி, நல்லெண்ணெ தோசை, சாம்பார், வத்தக்கொழம்பு, புட்டு, இடியாப்பம் தேங்காப்பால், அடை, சுண்டல், கடலமிட்டாய், எள்ளுருண்டன்னு முக்கால்வாசி ஏற்கனவே வீகன். வெளிநாட்டு வீடியோ பாத்துட்டு அவகாடோ, கினுவா வாங்க ஓடாதீங்க, காசுதான் போகும். நம்ம சமையக்கட்டுல சண்டையே மூணு எடத்துலதான், காப்பி, தயிர், நெய்.

ஸ்டெப் 2: நிறுத்தறதுக்கு முன்னாடியே பி12

இத கடைசில போடாம ரெண்டாவதா போடறதுக்குக் காரணம் இருக்கு. பி12 பாக்டீரியா உண்டாக்குற சத்து, செடி கொடில நம்பி சாப்பிடற அளவுக்கு கெடையாது. இட்லி மாவு புளிக்கிறதுல வரும், ஸ்பைருலினாங்கற பாசிப் பொடில இருக்குன்னு சொல்றவங்கள நம்பாதீங்க. ஈரல்ல இருக்கற சேமிப்ப வச்சு ஒடம்பு சில வருஷம் கூட ஓட்டிரும், அதனாலதான் "நான் மாத்திரையே போடல, நல்லாத்தான இருக்கேன்"னு ஆளுங்க சொல்லிட்டுத் திரிவாங்க, அப்புறம் ஒருநாள் கால் விரல் மரத்துப்போகும், அசதி, மறதின்னு வரும், ரொம்ப நாள் விட்டா நரம்புல வர்ற பாதிப்பு திரும்ப சரியாகாமலே கூட போகலாம்.

அதனால மாறதுக்கு முன்னாடி ஒரு ரத்த டெஸ்ட் எடுங்க, பி12, வைட்டமின் டி, ஹீமோகுளோபின் மூணும். டாக்டர்கிட்ட காட்டி மாத்திரை அளவு கேளுங்க. ஒரு நாளைக்கு நமக்குத் தேவை 2 மைக்ரோகிராம் சுமாருக்குத்தான், மாத்திரைல அத விட பல மடங்கு போட்டிருக்கும், பயப்படாதீங்க, ஒரே நேரத்துல ஒடம்பு உறிஞ்சறது கொஞ்சம்தான். சுகருக்கு மெட்ஃபார்மின் போடறவங்களுக்கு பி12 ஏற்கனவே கொறஞ்சிருக்க வாய்ப்பு இருக்கு, அதையும் சொல்லிருங்க. கர்ப்பமா இருக்கறவங்க, பால் குடுக்கற அம்மாக்கள், கொழந்தைங்க விஷயத்துல இந்த மாதிரி கட்டுரைய படிச்சுட்டு முடிவெடுக்கவே வேண்டாம், டாக்டர்கிட்ட பேசுங்க. இன்னொண்ணு, கேப்சூலோட மேல்கூடு பெரும்பாலும் ஜெலட்டின், அது மாட்டு எலும்பு தோல்ல இருந்து வர்றது, சாதாரண வைட்டமின் டி3 மாத்திரை ஆட்டு ரோமத்துல இருக்கற கொழுப்புல இருந்து எடுக்கறது. வீகன் டி3ன்னு தனியா இருக்கு, கேட்டு வாங்குங்க.

ஸ்டெப் 3: கறி, மீன், முட்டை

சைவமா இருந்தா இத தாண்டிப் போயிருங்க. மத்தவங்களுக்கு, வாரத்துல ஒரு ஐட்டமா கொறைங்க, மொதல்ல முட்டை, அப்புறம் கறி, கடைசில மீன், எனக்கு அந்த வரிசைதான் சுலபமா இருந்துச்சு. நாம ஏங்கறது பாதி நேரம் கறிக்கு இல்ல, மசாலாவுக்கு. வாழக்காய வட்டமா வெட்டி மீன் வறுக்கற அதே மசாலாவ தடவி அரமணி நேரம் ஊறவச்சு கல்லுல போட்டு எடுங்க. மீன் கொழம்பு மசாலால கத்திரிக்கா, மாங்கா. பலாப்பிஞ்சு கெடைக்கிற சீசன்ல மட்டன் சுக்கா மாதிரி பெரட்டலாம். மீல் மேக்கர சுடுதண்ணில ஊறவச்சு ரெண்டு வாட்டி நல்லா பிழிஞ்சாத்தான் அந்த வாடை போகும், பிழியாம கொழம்புல போட்டுட்டு "நல்லால்ல"ன்னு சொல்றவங்கதான் நெறையப் பேரு.

ஸ்டெப் 4: காப்பி

இங்கதான் பாதிப் பேரு தோக்கறாங்க. நான் மொத நாள் சோயா பாக்கெட் வாங்கி நல்லா கொதிக்கவச்சு, கெட்டி டிகாஷன்ல ஊத்துனேன். ஒரே செகண்ட்ல திரி திரியா திரிஞ்சு மேல மெதந்துச்சு, எங்க அப்பத்தா எட்டிப் பாத்துட்டு "என்னடா, காப்பில பன்னீர் போட்டுருக்க"ன்னு கேட்டுச்சு. காரணம் சிம்பிள், டிகாஷன்ல புளிப்பு இருக்கு, சூடும் சேந்துச்சுன்னா சோயா புரதம் பன்னீர் மாதிரியே திரிஞ்சுக்கும்.

எனக்கு செட் ஆனது முந்திரிப் பால். 12 முந்திரிய சுடுதண்ணில அரமணி நேரம் ஊறவைங்க, தண்ணிய கொட்டிட்டு மிக்சில மொதல்ல ரெண்டு ஸ்பூன் தண்ணி மட்டும் விட்டு வெண்ணெ மாதிரி அரைங்க, அப்புறம் ஒரு டம்ளர் தண்ணி ஊத்தி ஒரு சுத்து. வடிகட்ட வேணாம். சின்ன தீல கிண்டிக்கிட்டே சூடாக்குங்க, ஆவி வந்ததும் எறக்கிருங்க, கொதிக்க விட்டா கூழ் மாதிரி கெட்டியாயிரும். இப்ப டிகாஷன பாலுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க, பால டிகாஷனுக்குள்ள ஊத்தாதீங்க. டவராவுல ரெண்டு ஆத்து ஆத்துனா நொரை கூட வருது. சிக்கரி கலந்த பொடின்னா இன்னும் நல்லா சேருது.

ஓட்ஸ் பால் வீட்ல போடறவங்களுக்கு, குளுந்த தண்ணி, அரைக்கிறது 30 செகண்டுக்கு மேல கூடாது, துணில வடிக்கும்போது பிழியக் கூடாது, இல்லேன்னா கொழகொழன்னு வெண்டக்கா தண்ணி மாதிரி இருக்கும். தேங்காப்பால் காப்பிக்கு எனக்குப் பிடிக்கல, ஆப்பத்தோடயே இருக்கட்டும் அது. கடைல வாங்கறதுன்னா பசும்பால விட வெல பல மடங்கு, அதனால தெனமும் வாங்கறது கட்டுப்படியாகாது. சோயா, ஓட்ஸ் பாக்கெட்ல பேர் மில்க்னு இருக்காது, நம்ம நாட்டு விதிப்படி பெவரேஜ், டிரிங்க்னுதான் போடுவாங்க, தேடி ஏமாறாதீங்க. இதுக்கு நேரெதிரா ரோட்டுக்கடைல விக்கிற "பாதாம் பால்" அசல் மாட்டுப்பால்தான்.

இவ்ளோ மெனக்கெட முடியலன்னா கருப்பட்டி போட்ட கடுங்காப்பி, சுக்குக் காப்பி. அப்பத்தா சொன்னது, "எங்க காலத்துல யாருடா பால் ஊத்திக் குடிச்சா?"

ஸ்டெப் 5: தயிர்

எங்க அம்மாவுக்கு நான் கறிய விட்டதுல சந்தோஷம்தான், மோர வேணாம்னதும்தான் கோவம் வந்துச்சு. "மோர் ஊத்தாம சாப்பாட்ட எப்பிடிடா முடிப்ப"ன்னு ரெண்டு நாள் பேசல. அப்பதான் கடலத் தயிர் போட கத்துக்கிட்டேன்.

பச்சக் கடல, அதாவது வறுக்காத நெலக்கடல, ஒரு கப் எடுத்து ராத்திரி ஊறப்போடுங்க. காலைல தண்ணிய கொட்டிட்டு தேச்சு தோல எடுங்க, எடுக்கலேன்னாலும் பரவால்ல, கலர் மட்டும் மங்கலா வரும். ஒரு கப் தண்ணி விட்டு மையா அரைச்சு, இன்னும் ரெண்டரை கப் தண்ணி சேத்து வேட்டித் துணில வடிச்சுப் பிழிங்க. சக்கைய தூக்கிப் போடாதீங்க, அடை மாவுல கலந்துருங்க. பால அடிகனமான பாத்திரத்துல ஊத்தி கைவிடாம கிண்டுங்க, இது மாட்டுப்பால விட வேகமா அடிப்பிடிக்கும், பொங்கும். பொங்குனதும் தீய கொறைச்சு ஏழெட்டு நிமிஷம், பச்ச வாடை போகற வரைக்கும்.

இப்ப ஆற விடுங்க. சுண்டு விரல உள்ள விட்டு பத்து எண்ணற வரைக்கும் சுடாம தாங்கணும், அதுதான் பதம். மொதவாட்டி நான் அவசரத்துல சூடா இருக்கும்போதே ஒற போட்டு, மறுநாள் காலைல தயிரும் இல்ல பாலும் இல்ல, ஒரு மாதிரி நாத்தம் அடிக்கிற தண்ணிதான் இருந்துச்சு. சூட்டுல ஒறைல இருக்கற பாக்டீரியா செத்துப்போகும், அதான்.

ஒறைக்கு எங்க போறது? பச்சமொளகா காம்பு. அந்தத் தொப்பியோட சேத்துக் கிள்ளுன காம்பு 10, 12, கழுவித் தொடச்சு பாலுக்குள்ள முங்கற மாதிரி போட்டு மூடி, அடுப்புப் பக்கமா 10, 12 மணி நேரம் வைங்க. காம்புல இருக்கற பாக்டீரியா பால ஒறைய வைக்கும். இந்த மொத ஈடு சாப்பிட நல்லாருக்காது, லேசா காரம் தட்டும், அதுல ஒரு ஸ்பூன் எடுத்து அடுத்த ஈடு கடலப் பால்ல ஒறை ஊத்துங்க. அது ஆறேழு மணி நேரத்துல கத்தி வச்சு வெட்டற மாதிரி வரும். அதுக்கப்புறம் எப்பவும் போல ஒறை மாத்திக்கிட்டே போகலாம். செவப்பா, நூல் நூலா, பூசணம் மாதிரி ஏதாவது தெரிஞ்சா யோசிக்காம கொட்டிருங்க. கடல ஒத்துக்காதவங்க முந்திரில இதயே பண்ணலாம்.

உண்மையச் சொல்லிர்றேன், வெறும் தயிரா ஸ்பூன்ல சாப்பிட்டா கடல வாடை தெரியத்தான் செய்யும். ஆனா கொழைய வடிச்ச சோத்துல பெசைஞ்சு, இஞ்சி, பச்சமொளகா, கருவேப்பில, கடுகு தாளிச்சுக் கொட்டி, பக்கத்துல மாவடு வச்சு அம்மாகிட்ட குடுத்தேன். சாப்பிட்டு முடிச்சுட்டு "உப்பு கம்மி"ன்னு மட்டும் சொன்னாங்க. அது எங்க வீட்ல பாஸ் மார்க். மோர்க்கொழம்புக்கும் ஆகும், அடுப்ப அணைச்சுட்டு கலக்கணும். இதெல்லாம் முடியாத நாள்ல நீராகாரம் இருக்கு, பழைய சோத்துத் தண்ணில உப்பு, சின்ன வெங்காயம், வெயிலுக்கு மோர விட நல்லாவே கேக்கும்.

ஸ்டெப் 6: நெய்

பெருசா ஒண்ணும் இல்ல. தாளிக்க நல்லெண்ணெ இல்ல கடலெண்ணெ, இனிப்புக்கு தேங்காஎண்ணெ. பருப்பு சோத்துக்கு நல்லெண்ணெ ஊத்தி சாப்பிட்டுப் பழகிட்டா நெய் ஞாபகமே வராது. வெண்பொங்கல் மட்டும் நெய் இல்லாம அதே ருசி வராதுங்க, முந்திரியும் மொளகும் தாராளமா போட்டு ஒப்பேத்தலாம், அவ்ளோதான்.

ஸ்டெப் 7: சத்துக் கணக்கு

"பால் இல்லாம கால்சியம்?"னு கண்டிப்பா ஒரு மாமா கேப்பாரு. 100 கிராம் கேப்பைல 350 மில்லிகிராம் அக்கம்பக்கம் இருக்கு, பால்ல 120 சொச்சம். ஆனா கேப்பைல இருக்கறது முழுசா ஒடம்புல ஒட்டாது, அதனால மொளகட்டி அரைச்சா நல்லது. தோலோட எள்ளு இன்னும் ஒசத்தி, எள்ளுப்பொடி தெனமும் இட்லிக்கு. முருங்கக்கீர, அகத்திக்கீர வாரத்துல ரெண்டு வாட்டியாவது.

புரதத்துக்கு ஒரு நாளும் வெறும் சோறு ரசத்தோட முடிச்சுறாதீங்க. காலைல அடை இல்ல பெசரட்டு, மத்தியானம் கெட்டிப் பருப்பு, சாயந்தரம் ஒரு கிண்ணம் சுண்டல், வாரத்துல ரெண்டு மூணு நாள் மீல் மேக்கர் இல்ல டோஃபு (சோயாப் பால்ல பண்ற பன்னீர்), வேல முடிஞ்சுது. திடீர்னு பயறு ஜாஸ்தியானா மொத ரெண்டு வாரம் வயிறு உப்பும், நல்லா ஊறவச்சு அந்தத் தண்ணிய கொட்டிட்டு வேகவைங்க, பெருங்காயம் போடுங்க. இரும்புச்சத்துக்கு கீரையோட எலுமிச்ச பிழிஞ்சுக்கங்க, சாப்பிட்ட ஒடனே காப்பி டீ குடிச்சா இரும்பு சரியா ஒட்டாது, ஒரு மணி நேரம் தள்ளுங்க. மீனு கொழுப்புக்குப் பதிலா ஒரு ஸ்பூன் ஆளி விதைப் பொடி, விதைய முழுசா முழுங்குனா அப்படியே வெளிய போயிரும். உப்பு அயோடின் உப்பாவே இருக்கட்டும், பாலும் மீனும் போனதும் அயோடின் வர்ற வழி கொறையுது.

ஸ்டெப் 8: பாக்கெட்டும் பந்தியும்

பாக்கெட்ல பச்சப் புள்ளி இருந்தா வீகன்னு நெனைச்சுராதீங்க, பால் இருந்தாலும் பச்சப் புள்ளிதான். பின்னாடி திருப்பி மில்க் சாலிட்ஸ், வே, கேசின், பட்டர் இருக்கான்னு பாருங்க, பிஸ்கட், பிரெட், சாக்லேட், சிப்ஸ் மசாலால கூட ஒளிஞ்சிருக்கும். 2022ல வீகன் உணவுக்குன்னு மத்திய அரசு தனி விதி கொண்டுவந்துச்சு, பச்சை கலர்ல வி எழுத்து, மேல ஒரு சின்ன எல இருக்கற முத்திரை, அது இருந்தா கண்ண மூடிட்டு வாங்கலாம்.

ஹோட்டல்ல வீகன்னு சொன்னா புரியாது, "அண்ணே, நெய், வெண்ணெ, தயிர் வேணாம், எண்ணெ மட்டும்"னு சொல்லுங்க. ரவா தோசை மாவுல மோர் கலக்கற எடம் உண்டு, பரோட்டா மாவுல முட்டையோ பாலோ இருக்கலாம், கேட்டுக்கங்க. கேட்டும் மாறி வந்திருச்சுன்னா அன்னைக்கு அவ்ளோதான், சப்ளை பண்றவர்கிட்ட சண்ட போட்டு ஒண்ணும் ஆகப்போறதில்ல.

கல்யாண வீட்ல விளக்கம் குடுக்க ஆரம்பிச்சீங்கன்னா எல காஞ்சிரும். பருப்புக்கு நெய் ஊத்த வர்றப்ப, மோர் வாளி வர்றப்ப கைய எலைக்கு குறுக்க வச்சுருங்க. பாயாசம் தேங்காப்பால்ல பண்ணதான்னு சமையக்காரர்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்த கேட்டு வச்சுக்கங்க, பருப்புப் பாயாசம்னா பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், ஆனா முந்திரிய வறுக்க நெய் ஊத்தியிருப்பாங்க. கடைசி சோத்துக்கு ரசத்தயே ரெண்டாவது வாட்டி வாங்கிக்கங்க.