குழந்தைகளின் கல்விக்கான தொண்டுப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வசதியற்ற குழந்தைகளுக்குக் கல்வி அளிக்கவும், அவர்கள் வாழும் சமூகத்தைத் தன் காலில் நிற்கச் செய்யவும் தொடங்கப்படும் தொண்டு நிறுவனங்களில் நல்லெண்ணத்துக்குப் பஞ்சம் இருப்பதில்லை. ஆனாலும் சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், ஆண்டறிக்கையில் எண்கள் பெருகியிருக்கும். குழந்தைகளின் வாசிப்போ, குடும்பங்களின் நிலையோ பெரிதாக மாறியிருக்காது. இதற்குக் காரணமான தவறுகள் பலவாகத் தோன்றினாலும், அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்துதான் கிளைக்கின்றன. குழந்தைக்கு ஏற்கெனவே ஒரு குடும்பமும் ஒரு பள்ளியும் ஒரு சுற்றமும் இருப்பதை மறந்து, அவர்களை ஓரமாக நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் நிறுவனமே கொடுத்துவிடலாம் என்று எண்ணுவதுதான் அந்த இடம்.

பொருள் வழங்குவதையே கல்வி வழங்குவதாகக் கருதுவது இவற்றில் மிகப் பரவலானது. நோட்டு, பை, சீருடை, கணினி ஆகியவற்றை வாங்குவதும் எளிது, கணக்குக் காட்டுவதும் எளிது என்பதால் இத்தவறு ஓயாமல் நடக்கிறது. மேற்குக் கென்யாவில் 1990களில் ஒரு தொண்டு நிறுவனம் பள்ளிகளுக்குப் பாடநூல்களை இலவசமாக வழங்கியது. பொருளியலாளர் மைக்கேல் கிரேமரும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதன் விளைவை ஆராய்ந்தபோது, மாணவர்களின் சராசரி மதிப்பெண் உயரவில்லை என்பதும், முன்பே நன்றாகப் படித்துவந்தவர்கள் மட்டுமே அந்நூல்களால் பயனடைந்தனர் என்பதும் தெரியவந்தன. நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அங்குள்ள பல குழந்தைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. பெரு நாட்டின் கிராமப்புறப் பள்ளிகளில் ஆளுக்கொரு மடிக்கணினி வழங்கிய திட்டத்தைப் பற்றி 2012இல் வெளியான ஆய்வும், கணக்கிலோ மொழிப்பாடத்திலோ மதிப்பெண் உயர்ந்ததற்கான சான்று இல்லை என்றே கூறியது. பொருளே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. நோட்டு இல்லாத காரணத்தால் கடைசி வரிசையில் ஒளிந்துகொள்ளும் குழந்தைக்கு நோட்டு அவசரத் தேவைதான். ஆனால் கொடுத்த நோட்டில் அடுத்த மாதம் அந்தக் குழந்தை என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் புரட்டிப் பார்க்காவிட்டால், நிறுவனம் செய்தது விநியோகம் மட்டுமே.

வருகைப் பதிவேட்டைக் கற்றலின் சான்றாகக் கொள்வதும் இதே வகையைச் சேர்ந்தது. அதே மேற்குக் கென்யாவில் குழந்தைகளுக்குக் குடற்புழு நீக்க மாத்திரை கொடுத்த இன்னொரு திட்டத்தைப் பற்றி 2004இல் வெளியான ஆய்வில், பள்ளிக்கு வராமலிருப்பது கணிசமாகக் குறைந்தது என்று கண்டறிந்தனர். தேர்வு மதிப்பெண்களோ உயரவில்லை. மாத்திரை குழந்தையைப் பள்ளி வரை கொண்டுவந்து விட்டது. அதற்குப் பிறகு நடக்க வேண்டியது வகுப்பறையின் வேலை. குழந்தை வந்து உட்கார்ந்ததற்கும் குழந்தைக்குப் பாடம் புரிந்ததற்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்காத நிறுவனம், அந்தத் தூரம் இருப்பதையே அறியாமல் பல ஆண்டுகளைக் கழித்துவிடக்கூடும்.

அதை அளப்பது அப்படியொன்றும் கடினமான வேலையும் இல்லை. ஐந்தாம் வகுப்புக் குழந்தை ஒன்று புத்தகத்தைத் திறந்து வைத்து, வரிகளின் மேல் விரலை ஓட்டி, மற்றவர்களோடு சேர்ந்து உரக்கப் படிக்கும். அருகில் போய்க் கவனித்தால், விரல் ஒரு வரியிலும் வாய் இன்னொரு வரியிலும் இருக்கும். பாடம் மனப்பாடம் ஆகியிருக்கிறது, எழுத்து பிடிபடவில்லை. அந்தக் குழந்தையைத் தனியே அழைத்து, முன்பின் பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் இரண்டு மூன்று நிமிடங்களில் உண்மை தெரிந்துவிடும். இந்தியக் கிராமங்களில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் முயற்சியால் 2005இல் தொடங்கிய, குழந்தைகளின் கற்றல்நிலையை அறியும் ஏசர் கணக்கெடுப்பு இந்த எளிய முறையைத்தான் கையாள்கிறது. எழுத்துகள், சொற்கள், முதல் வகுப்புத் தரத்தில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு கதை ஆகியவற்றைக் குழந்தையின் வீட்டிலேயே ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்லி, எந்தப் படியில் நிற்கிறார் என்று குறித்துக்கொள்கிறார்கள். பள்ளிக்குச் சென்றால் அன்று வந்திருக்கும் குழந்தைகள் மட்டுமே கிடைப்பார்கள். வீட்டுக்குச் சென்றால் வராதவர்களும் கணக்கில் வருவார்கள். மாலைநேர வகுப்பு தொடங்கும் எந்த நிறுவனமும் முதல் வாரத்தில் இதைச் செய்துவிட்டே பாடத்திட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்படிச் செய்யாததன் விளைவாக வருவதுதான், வயதையும் வகுப்பையும் வைத்துக் குழந்தைகளைப் பிரித்து, பள்ளியில் காலையில் நடந்த பாடத்தையே மாலையில் மறுபடி நடத்தும் வழக்கம். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத குழந்தைக்கு ஐந்தாம் வகுப்புப் பாடத்தை இரண்டு முறை நடத்தினாலும் புரியப்போவதில்லை. வகுப்பைப் பாராமல், வாசிப்பிலும் கணக்கிலும் குழந்தை இன்று நிற்கும் படியைப் பார்த்துக் குழு அமைத்து, நாள்தோறும் சிறிது நேரம் அந்தப் படிக்கேற்ற பயிற்சி அளிக்கும் முறையைப் பிரதம் அமைப்பு வளர்த்தெடுத்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோரின் ஆய்வுகள் அதன் பயனை உறுதிசெய்தன. இவ்விருவரும் கிரேமரும் 2019இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது, பெரிய திட்டங்களை அறிவிப்பதைவிடச் சிறிய கேள்விகளைச் சரியாகச் சோதித்துப் பார்ப்பது வறுமை ஒழிப்பில் எவ்வளவு முக்கியம் என்பது பரவலாகப் பேசப்பட்டது. குழந்தை வீட்டில் பேசும் மொழியை ஒதுக்கிவிட்டு முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் கற்பிப்பதும் இதனோடு சேர்த்துத் தவிர்க்க வேண்டிய ஒன்று. பெற்றோர் ஆங்கிலத்தை விரும்பிக் கேட்பார்கள் என்பது உண்மை. அந்த விருப்பத்தை மதித்து, தாய்மொழியில் வாசிப்பை ஊன்றிய பிறகு ஆங்கிலத்தைச் சேர்க்கலாம் என்று அவர்களிடம் பொறுமையாக விளக்குவதும் பணியின் ஒரு பகுதிதான்.

நன்றாகப் படிக்கும் குழந்தைகளை மட்டும் தேர்ந்தெடுத்து உதவித்தொகை வழங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அதைச் செய்யும் நிறுவனம் தான் பின்தங்கியவர்களுக்கு உழைப்பதாக நம்பிக்கொள்ளக் கூடாது. நுழைவுத் தேர்வில் வெளியே நிறுத்தப்பட்ட குழந்தைதான் அடுத்த ஆண்டு பள்ளியைவிட்டு நிற்கும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தை.

பெற்றோரை அக்கறையற்றவர்கள் என்று முடிவுகட்டுவது களப்பணியில் அடிக்கடி கேட்கும் பேச்சு. கூலிவேலைக்குச் செல்லும் தாய் பிற்பகல் மூன்று மணிக்கு நடக்கும் பெற்றோர் கூட்டத்துக்கு வராததை அக்கறையின்மையாகப் பதிவுசெய்யும் நிறுவனம், அந்த நேரத்தை யார் தீர்மானித்தது என்று தன்னைக் கேட்டுக்கொள்வதில்லை. வங்கதேசத்தில் ஃபஸ்லே ஹசன் அபேத் 1972இல் தொடங்கிய பிராக் அமைப்பு, 1985இல் 22 ஓரறைப் பள்ளிகளோடு கல்விப் பணியில் இறங்கியபோது இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கியது எனலாம். பள்ளி நேரம் குடும்பங்களின் வேலைக்கேற்ப அமைக்கப்பட்டது. வகுப்புக்கு முப்பது குழந்தைகள் அளவில், அவர்களில் பெரும்பாலோர் பெண் குழந்தைகளாக, சேர்க்கப்பட்டனர். அதே பகுதியில் வாழும் பெண்கள் பயிற்சி பெற்று ஆசிரியர்களாயினர். வெளியூரிலிருந்து வந்துபோகும் பட்டதாரி ஆசிரியரைவிட, குழந்தை இரண்டு நாள் வராவிட்டால் நேரே வீட்டுக்குப் போய்க் கேட்கக்கூடிய உள்ளூர்ப் பெண் பல நேரங்களில் அதிகம் சாதிக்கிறார். அவருக்குக் கிடைக்கும் சம்பளமும் மதிப்பும் அந்தச் சமூகத்திலேயே தங்குகின்றன. சமூகத்தை வலுப்படுத்துவது என்பதற்கு இதைவிடத் தெளிவான வடிவத்தைக் காட்டுவது கடினம்.

இதற்கு மாறாக, பல இடங்களில் சமூகப் பங்கேற்பு வெறும் கையெழுத்தாகச் சுருங்கிவிடுகிறது. திட்டம் முழுவதும் அலுவலகத்தில் எழுதி முடிக்கப்பட்ட பிறகு ஊர்க்கூட்டம் கூட்டி, வருகைத் தாளில் பெயர் வாங்கி, புகைப்படம் எடுத்துவிட்டால் கலந்தாலோசனை முடிந்ததாகக் கணக்கு. மகளிர் குழு ஒன்று உண்மையில் அதிகாரம் பெற்றிருக்கிறதா என்பதை அறிய, அந்தக் குழு நிறுவனத்தின் முடிவு ஒன்றை எப்போதாவது மாற்றியிருக்கிறதா என்று கேட்டாலே போதும். குழந்தைகளுக்கும் இது பொருந்தும். 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைகளுக்கு அளிக்கிறது. வகுப்பு நேரம், தண்டனை, கழிப்பறை, விளையாட்டு ஆகியவற்றைப் பற்றிக் குழந்தைகளிடம் கேட்டால் பெரியவர்களுக்குத் தோன்றாத பதில்கள் வரும்.

எல்லாத் தவறுகளிலும் திருத்தக் கடினமானது, குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரித்து விடுதியிலோ ஆதரவற்றோர் இல்லத்திலோ வைப்பதைக் கல்வி உதவியாகக் கருதுவது. நேபாளத்தின் தொலைதூர மலைக் கிராமங்களில், நல்ல பள்ளியில் சேர்ப்பதாகச் சொல்லிப் பெற்றோரிடம் பணம் வாங்கிக்கொண்டு, குழந்தைகளை நகரத்துக்குக் கொண்டுவந்து, பெற்றோர் இல்லாதவர்களாகத் தாள்களில் பதிவுசெய்து, இல்லங்களில் சேர்த்த இடைத்தரகர்களைப் பற்றிய செய்திகள் விரிவாக வெளிவந்துள்ளன. அந்த இல்லங்களுக்கு நன்கொடையும் வெளிநாட்டுத் தன்னார்வலர்களும் வந்துகொண்டிருந்ததே அந்த வியாபாரத்தைத் தழைக்கச் செய்தது. பெற்றோரின் வறுமை மட்டும் குழந்தையைப் பிரிப்பதற்கான காரணமாக ஒருபோதும் இருக்கக் கூடாது என்று 2009இல் ஐ.நா. ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானம், இத்தகைய இல்லங்களுக்குச் சுற்றுலாவாக வந்து தன்னார்வப் பணி செய்வதால் விளையும் தீங்கையும் குறிப்பிட்டது. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000இல் தொடங்கிய நீண்டகால ஆய்வு, இல்லங்களிலிருந்து வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றப்பட்ட சிறு குழந்தைகளின் அறிவு வளர்ச்சி, இல்லங்களிலேயே தங்கியவர்களைவிட மேம்பட்டதைக் காட்டியது. ஒரு குழந்தையை இல்லத்தில் வைத்துப் பராமரிக்க ஆகும் தொகையில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்கு அளித்தாலே அந்தக் குழந்தை வீட்டிலிருந்தபடி படிக்க முடியுமா என்ற கேள்விக்குப் பதில் தேடாமல் எந்த நிறுவனமும் கட்டடம் எழுப்பக் கூடாது.

குறுகிய காலத் தன்னார்வலர்களைப் பொறுத்தவரை, இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை புதிய முகம் வந்து பாட்டுச் சொல்லிக்கொடுத்து, கட்டியணைத்துப் பிரிந்து செல்வது குழந்தைகளுக்கு நல்லதல்ல. அவர்களை ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பது, கணக்கு எழுதுவது, நூலகத்தை ஒழுங்குபடுத்துவது போன்ற பணிகளில் ஈடுபடுத்தலாம். யாராக இருந்தாலும் பின்னணியை விசாரிக்காமல் குழந்தைகளிடம் அனுமதிக்கக் கூடாது. பெரியவர் ஒருவரும் குழந்தை ஒன்றும் மூடிய அறையில் தனித்திருக்கும் நிலை வரக் கூடாது. குழந்தை புகார் சொல்ல, நிறுவனத்தின் தலைவரைச் சாராத ஒருவர் இருக்க வேண்டும். எங்கள் நிறுவனத்தில் எல்லாரும் நல்லவர்கள் என்பது பாதுகாப்புக் கொள்கை ஆகாது.

நன்கொடைக்காகக் குழந்தைகளின் முகத்தைப் பயன்படுத்தும் முறையும் மாற வேண்டும். விருந்தினர் வரும்வரை வெயிலில் வரிசையாக நிற்கவைத்து, பதாகைக்கு முன்னால் பையை நெஞ்சோடு பிடித்துச் சிரிக்கச் சொல்லி எடுக்கும் படம் நிறுவனத்துக்குப் பெருமையாகத் தோன்றலாம். அந்தக் குழந்தை இருபது வயதில் வேலை தேடும்போது, தன் தந்தையின் குடிப்பழக்கத்தோடும் ஊர்ப் பெயரோடும் சேர்த்து அந்தப் படம் இணையத்தில் கிடைக்கும். பெற்றோர் ஒப்புதல் அளித்தார்கள் என்று சொல்வதும் பல நேரங்களில் போதாது. உதவி தருபவர் கேட்கும்போது மறுக்க முடியாத நிலையில் இருப்பவரின் ஒப்புதல் எந்த அளவுக்கு ஒப்புதல் என்பதை யோசிக்க வேண்டும். படத்துக்கு மறுத்தாலும் உதவி நிற்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டு, பெயரையும் ஊரையும் மாற்றி, குழந்தை அழும் படத்தைத் தவிர்த்து, கற்கும்போதும் விளையாடும்போதும் எடுத்த படங்களைப் பயன்படுத்தினால் நன்கொடை குறைந்துவிடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. குறைந்தாலும் அதை ஏற்கத்தான் வேண்டும்.

திட்டம் முடியும் நாளைத் திட்டமிடாமல் தொடங்குவதைப் பற்றி நிறுவனங்கள் பேசவே தயங்குகின்றன. ஒரே நன்கொடையாளரை நம்பி மூன்று ஆண்டுத் திட்டமாகத் தொடங்கிய மாலைநேர வகுப்பு, தொகை நின்ற மாதமே பூட்டப்படும்போது, அருகிலுள்ள அரசுப் பள்ளிக்கு அந்தக் குழந்தைகளைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. ஏனெனில் அத்தனை ஆண்டுகளும் அந்தப் பள்ளியின் ஆசிரியர்களோடு பேசாமலே வகுப்பு நடந்திருக்கும். வாசிப்புநிலைப் பதிவுகளைப் பள்ளியோடு தொடக்கத்திலிருந்தே பகிர்ந்துகொள்வதும், வகுப்பின் சாவியையும் கணக்கையும் படிப்படியாகப் பெற்றோர் குழுவிடம் ஒப்படைப்பதும், உள்ளூர் ஆசிரியரின் ஊதியத்துக்கு வேறு வழி என்ன என்று இரண்டாம் ஆண்டிலேயே கேட்கத் தொடங்குவதும் இதற்கான வழிகள். குறைந்தது ஒரு கல்வியாண்டு முழுவதும் வகுப்பை நடத்தப் போதுமான தொகையைத் தனியாக ஒதுக்கி வைப்பது இன்னும் நல்லது; நன்கொடையாளர் திடீரென விலகினாலும், ஆண்டின் நடுவில் குழந்தைகளைக் கைவிடாமல் அவர்களுக்கு வேறு ஏற்பாடு செய்ய அந்தத் தொகையே அவகாசம் தரும்.