தெப்பக்குளத்துல 17 ரவுண்டு ஓடணுமா? முதல்ல ஒரு லைட் கம்பம் வரைக்கும் ஓடுங்க

ஹாஃப் மாரத்தான்னா 21.1 கிலோமீட்டர், கேட்டாலே மூச்சு வாங்குதுல்ல? நம்ம மதுரை வண்டியூர் தெப்பக்குளம் நீளம் 1000 அடி, அகலம் 950 அடின்னு சொல்வாங்க, வெளிய ரோட்ல சுத்துனா ஒரு ரவுண்டு சுமாரா ஒண்ணேகால் கிலோமீட்டர் வரும், அப்ப மொத்தம் 17 ரவுண்டு. அந்த 17ஐ இப்போதைக்கு மறந்துருங்க.

வெள்ளன அஞ்சு மணிக்கெல்லாம் மாரியம்மன் கோயில் பக்கம் வந்துருங்க, சாயங்காலம் வேணாம், கூட்டமும் பஜ்ஜி வாசனையும் ஓட விடாது. ஒரு லைட் கம்பம் ஓடுங்க, ரெண்டு கம்பம் நடங்க. ஒரு ரவுண்டு இப்படியே, அவ்ளோதான், வீட்டுக்குப் போயிருங்க. இதுக்கா இம்புட்டு வெள்ளன எந்திரிச்சோம்னு தோணும், தோணட்டும். அடுத்த வாரம் ரெண்டு கம்பம் ஓடி ரெண்டு நடக்குறது, அதுக்கடுத்து மூணு, இப்படிக் கூட்டிக்கிட்டே போனா ஒருநாள் நிக்காம முழு ரவுண்டு வந்துரும். பக்கத்துல வர்றவங்ககிட்ட மூச்சு வாங்காம பேச முடியணும், முடியலைன்னா பைய போங்க.

அப்புறம் ஞாயித்துக்கிழமை மட்டும் அரை ரவுண்டு கூட்டுங்க, ஒவ்வொரு நாலாவது வாரமும் குறைச்சுக்கங்க, மத்த நாள்ல ரெண்டு மூணு தடவை சின்னதா ஓடுனா போதும். கணக்குப் போட்டா 17 வர பத்து மாசம் ஆகும். நான் ரெண்டாவது மாசமே ரோசப்பட்டு மூணுலேர்ந்து ஒரே தாவா எட்டு ரவுண்டு ஓடுனேன், முழங்காலுக்குக் கீழ முன்னெலும்புல அப்படி ஒரு வலி, மூணு வாரம் மாடிப்படி இறங்கவே சுவத்தப் புடிச்சேன். திரும்ப ஒண்ணுலேர்ந்து ஆரம்பம்.

ஓடுன நாளை தினசரி காலண்டர் தாள்லயே எழுதி வைங்க, ஆப் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். தைப்பூசம் தெப்பத்திருவிழா அன்னைக்கு இங்கிட்டு ஓட முடியாது, ரேஸ்கோர்ஸ் கிரவுண்டுக்குப் போயிருங்க, அங்க 400 மீட்டர் டிராக்ல மூணு சுத்துனா இங்க ஒரு ரவுண்டு மாதிரி. ஷூ வாங்குறதா இருந்தா சாயங்காலம் கடைக்குப் போங்க, கால் லேசா வீங்கியிருக்கும், சைஸ் சரியா தெரியும்.

அரை ரவுண்டுக் கணக்குல ஒரே ஒரு தொல்லை, ஓட்டம் முடியுறப்ப வண்டி எதிர்க்கரையில நிக்கும். மிச்ச அரையை நடந்தே வாங்க, கூல்டவுனுக்கும் ஆச்சு.