மான் குறுக்கே வந்தால்: நெல்லைச் சாலைகளில் சடன் பிரேக் பிடிக்கும் முறை

கோவில்பட்டியில் ஒரு திருமண வரவேற்பை முடித்துக்கொண்டு திருநெல்வேலிக்குத் திரும்பிய ஓர் இரவில், கங்கைகொண்டானை நெருங்கும்போது, சாலையின் நடுத்திட்டில் வளர்ந்திருந்த அரளிச் செடிகளுக்கு இடையிலிருந்து புள்ளிமான் ஒன்று என் காருக்கு முன்னால் குதித்தது. பிரேக்கை அழுத்தினேன், மான் இடப்பக்கம் தாண்டி உடைமரங்களுக்குள் மறைந்தது. போய்விட்டது என்று எண்ணிக் காலை எடுத்த அதே நொடியில், அதே செடிகளுக்கு இடையிலிருந்து இன்னொரு மானும் அதன் பின்னால் ஒரு குட்டியும் வந்தன. மறுபடி முழு பலத்தோடு மிதித்தபோது, குட்டிக்கும் என் வண்டிக்கும் இடையே ஒரு முழம்தான் இருந்தது. பின்னால் வந்த லாரியின் ஓட்டுநர் போதிய இடைவெளி விட்டு வந்ததால் நான் பிழைத்தேன். அவர் வண்டியை ஓரங்கட்டி இறங்கி வந்து, "முதல் மான் போனதும் பிரேக்க விட்டுராதீங்க தம்பி, பின்னால கூட்டம் வரும்லா" என்றார். அந்த அண்ணாச்சி சொன்ன ஒற்றை வரியையும், அதன்பின் நான் கற்றுப் பழகியவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

மான் எங்கே, எப்போது வரும் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். நம் பகுதியில் மூன்று விதமான இடங்கள் உண்டு. முதலாவது, மதுரைச் சாலையில் கங்கைகொண்டான். 2013-ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் காடு சுமார் 288 எக்டேர்தான். நான்குவழிச் சாலையும் ரயில் பாதையும் தொழிற்பேட்டையும் சூழ்ந்த சிறிய இடம் என்பதால், மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் மான்கள் வெளியே வராமல் இருக்க முடியாது. இரண்டாவது, தூத்துக்குடிச் சாலையில் வல்லநாட்டு மலையை ஒட்டிய பகுதி. 1987 முதல் சரணாலயமாக இருக்கும் அங்கே வெளிமான்கள் வாழ்கின்றன; அவை பகலில் நடமாடுபவை, ஓட்டத்தில் மிக வேகமானவை என்பதால், வெயில் நேரத்தில் மான் வராது என்ற கணக்கு அங்கே செல்லாது. மூன்றாவது, பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு என்று மேற்கு மலையின் அடிவாரமும் அதிலிருந்து மேலேறும் மலைச்சாலைகளும். அங்கே கடமான் என்றும் சொல்லப்படும் மிளாவைத்தான் முக்கியமாக அஞ்ச வேண்டும். வளர்ந்த ஆண் மிளா 200 கிலோவுக்கு மேலும் இருக்கும். உடல் கரும்பழுப்பு, புள்ளி கிடையாது, இருட்டோடு இருட்டாக நிற்கும். அதன் கால்கள் உயரமானவை என்பதால், கார் மோதினால் கால்கள்தான் முதலில் தட்டப்படும். உடல் பானெட்டின் மேலேறி முன்கண்ணாடியை நோக்கி வரும். புள்ளிமானை இடித்தால் வண்டிக்குச் சேதம் என்று நினைப்பவர்கள்கூட, மிளாவை இடித்தால் உயிருக்குச் சேதம் என்பதை மறக்கக் கூடாது.

புள்ளிமானுக்கும் மிளாவுக்கும் பொழுது சாயும் நேரமும் விடியலுக்கு முந்தைய நேரமும்தான் நடமாட்டம் மிகுந்த வேளைகள். மிளா இரவு முழுவதும் உலவும். பிசானப் பருவத்து நெல் பச்சையாக நிற்கும் மாதங்களில் பயிரைத் தேடியும், கோடையில் குளங்கள் வற்றியபின் தண்ணீரைத் தேடியும் அவை சாலையைக் கடக்கின்றன. ஒரு பக்கம் காடும் மறுபக்கம் குளமோ வயலோ ஓடையோ இருந்தால், அங்கே பலகை இல்லாவிட்டாலும் மான் கடக்கும் இடம் என்றே கொள்ளுங்கள்.

இனி வேகத்தின் கணக்கு. மானைக் கண்ணால் கண்டு, அது மான்தான் என்று மூளை உணர்ந்து, கால் ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்கு மாற ஏறக்குறைய ஒன்றரை நொடி ஆகும். 80 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி அந்த ஒன்றரை நொடியிலேயே 33 மீட்டர் ஓடிவிடுகிறது. அதன்பின், உலர்ந்த தார்ச் சாலையில், நல்ல டயரோடு, முழு பிரேக்கில் நிற்க இன்னும் சுமார் 36 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 70 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் இதே கணக்கு 45 மீட்டராகக் குறைகிறது, 100 கி.மீ. வேகத்தில் கிட்டத்தட்ட 100 மீட்டராக உயர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் இழுக்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதே இதற்குக் காரணம். 80-இல் வந்த கார் முழுவதுமாக நின்றுவிட்ட அதே இடத்தில், 100-இல் வந்து அதே நொடியில் மானைக் கண்ட கார் இன்னும் 70 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இருபது கி.மீ. கூடுதல் வேகம் கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே எத்தனை நிமிடத்தை மிச்சப்படுத்தும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபின், நான் அந்தச் சாலையில் இரவில் 60-ஐத் தாண்டுவதில்லை. அப்படி மெதுவாகச் செல்லும்போது இடது ஓரத் தடத்திலேயே செல்ல வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் விளக்கு எவ்வளவு தூரம் காட்டுகிறது என்பதை நீங்களே ஒருமுறை அளந்து பாருங்கள். இருட்டான, போக்குவரத்தில்லாத ஊர்ச்சாலையில் வண்டியை நிறுத்தி டிம் விளக்கைப் போட்டுக்கொண்டு, வீட்டில் ஒருவரைப் பழுப்பு நிறப் போர்வை போர்த்திக்கொண்டு சாலையோரமாக முன்னே நடக்கச் சொல்லுங்கள். அவர் உருவம் கலங்கி மறையும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, அங்கிருந்து வண்டிவரை அடியெண்ணி நடந்து வாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது 50 மீட்டரைச் சுற்றியே இருக்கும். அதாவது டிம் விளக்கில் 80 கி.மீ. வேகத்தில் செல்பவர், தம்மால் காண முடியாத தூரத்தை நம்பி ஓட்டுகிறார். எதிரே வண்டி இல்லாதபோது பிரைட் விளக்கைப் பயன்படுத்துங்கள். எதிரே வண்டி வந்ததும் டிம்முக்கு மாற்றுவதோடு வேகத்தையும் குறையுங்கள். முன்கண்ணாடியின் உட்புறத்தில் படியும் மங்கலை வாரம் ஒருமுறை துடைத்தாலே பார்வை எவ்வளவோ தெளியும்.

மானின் கண் வெளிச்சம் பட்டால் மின்னும். ஆனால் தலையைக் குனிந்து மேயும் மானும், முகத்தைத் திருப்பி நிற்கும் மானும் மின்னுவதில்லை. எனவே கண்ணொளியை மட்டும் தேடாமல், சாலையோரப் புல்லுக்கும் செடிக்கும் மேலே அசையும் எதையும் கவனியுங்கள். ஒரு மானைக் கண்டால் ஒரு கூட்டத்தைக் கண்டதாகவே எண்ணுங்கள். அது ஓரத்தில் அமைதியாக நின்றாலும் காலை பிரேக்கின்மேல் வைத்து, நடந்து செல்பவரின் வேகத்துக்குக் குறைத்து, விளக்கை டிம்முக்கு மாற்றி, ஹாரனை விட்டுவிட்டு அடியுங்கள். பிரைட் வெளிச்சத்தில் கண் கூசிய மான் அசையாமல் நடுச்சாலையில் நின்றுவிடுவதும், கடந்துபோன மான் தன் கூட்டம் மறுபக்கம் இருப்பதால் திரும்பி ஓடிவருவதும் உண்டு. அண்ணாச்சி சொன்னதன் பொருள் இதுதான்: கடைசி மான் போய்விட்டது என்று உறுதியாகும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

மான் திடீரென்று முன்னால் குதித்துவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு பிரேக்கை முழு பலத்தோடு மிதியுங்கள், வண்டி நிற்கும்வரை விடாதீர்கள். 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம்; முழு பிரேக்கில் சக்கரம் சுழலாமல் இறுகிப்போவதைத் தடுக்கும் கருவி அது. அது இயங்கும்போது பிரேக் மிதி காலுக்கடியில் துடிக்கும், கரகரவென்று ஓசை எழும். பழக்கமில்லாதவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலைத் தளர்த்திவிடுகிறார்கள். துடிப்பு வந்தால் கருவி தன் வேலையைச் செய்கிறது என்று பொருள், இன்னும் அழுத்துங்கள். மிதித்து மிதித்து விடும் பழைய முறை ஏ.பி.எஸ். வண்டிக்கு ஆகாது, நிற்கும் தூரத்தை அது நீட்டிவிடும். ஏ.பி.எஸ். இல்லாத பழைய வண்டியில் மட்டும், சக்கரம் சுழலாமல் இழுபடுவது தெரிந்தால், ஒரு கணம் தளர்த்தி மறுபடி அழுத்த வேண்டும். கியர் வண்டியில் கிளட்சையும் சேர்த்து மிதித்தால் எஞ்சின் அணையாது. அதை மறந்து எஞ்சின் அணைந்தாலும் பரவாயில்லை, பிரேக்தான் முக்கியம்.

மானைக் காப்பாற்ற ஸ்டீயரிங்கை ஒடிக்கக் கூடாது என்று சொல்வது சிலருக்குக் கொடுமையாகத் தோன்றலாம். எனக்கும் அந்த விலங்கின்மேல் அன்பு உண்டு. அதனால்தான் வேகத்தைப் பற்றி இவ்வளவு எழுதினேன். ஆனால் வேகமாகச் செல்லும் வண்டியைச் சட்டென்று ஒடித்தால், அது நடுத்திட்டில் ஏறும், புளியமரத்தில் மோதும், எதிரே வரும் பேருந்தின் பாதையில் நுழையும், அல்லது குப்புறக் கவிழும்; மான் ஓடும் திசையும் நாம் ஒடிக்கும் திசையும் ஒன்றாகிவிட்டால் எல்லாம் வீணாகும். நேராகப் பிடித்த பிரேக்கில் வேகம் பாதியாகக் குறைந்தாலே மோதலின் வலு கால்பங்காகிறது. நன்றாக வேகம் குறைந்தபின், பக்கத்துத் தடம் காலியாக இருப்பது தெளிவாகத் தெரிந்தால் மட்டும், மெல்ல விலகலாம். அப்போதும் மானின் பின்புறமாக விலகுவதே நல்லது. மிளாவாக இருந்தாலும் முறை இதுவே. அங்கே வேகத்தைக் குறைக்கும் ஒவ்வொரு மீட்டரும் இன்னும் விலைமதிப்புடையது.

இரு சக்கர வண்டிக்கு விதி சற்று வேறு. பைக்கை நிறுத்தும் வலுவில் பெரும்பகுதி முன்பிரேக்கில் இருக்கிறது. பின்பிரேக்கை மட்டும் மிதித்துப் பழகியவரின் வண்டி வால் சறுக்கிச் சாய்ந்துவிடுகிறது. முன்பிரேக்கைப் பட்டென்று பிடிக்காமல், ஈரத்துணியைப் பிழிவதுபோல ஒரே சீராக இறுக்குங்கள். பின்பிரேக்கை அளவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டி நிமிர்ந்தும் ஹேண்டில்பார் நேராகவும் இருக்க வேண்டும். பார்வை மானின் மேலல்ல, வண்டி போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். அடிவாரச் சாலைகளில் இரவில் பைக் பயணத்தைத் தவிர்க்க முடியுமானால் தவிர்த்துவிடுங்கள் என்பதே என் கருத்து.

மேலே சொன்ன மீட்டர் கணக்கெல்லாம் உலர்ந்த, சுத்தமான தார்ச் சாலைக்கே பொருந்தும். ஐப்பசி மழையின் முதல் தூறலில் தூசியும் எண்ணெயும் கலந்து சாலை வழுக்கும். நனைந்த சாலையில் 80 கி.மீ. வேகத்துக்கு 100 மீட்டர்வரை கேட்கும். உளுந்துச் செடியையும் சோளக்கதிரையும் சாலையில் பரப்பி, வண்டிச் சக்கரம் ஏற விட்டுக் கதிரடிப்பது நம் பக்கத்து வழக்கம். அதன்மேல் பிரேக் பிடித்தால் வண்டி பனிக்கட்டியில் போவதுபோல் போகும், பைக் நிச்சயம் விழும். அத்தகைய இடத்தில் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, பிரேக்கைத் தொடாமல் நேராகக் கடந்துவிடுங்கள். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் கார் டயரை மாற்றியே ஆக வேண்டும்; மழைக்காலத்துக்கு அதுவரை காத்திருப்பதும் தவறு.

சடன் பிரேக்கைப் பழகிப் பார்க்காமல் அவசரத்தில் சரியாகச் செய்ய முடியாது. ஆளில்லாத, அகலமான, நேரான இடத்தில், பகலில், முன்னும் பின்னும் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, முதலில் 30 கி.மீ. வேகத்தில், பிறகு 40-இல், பிறகு 50-இல் முழு பிரேக் பிடித்துப் பாருங்கள். எவ்வளவு அழுத்தினால் துடிப்பு வருகிறது என்பதைக் கால் நினைவில் வைத்துக்கொள்ளும். ஓட்டும்போது குதிகால் தரையில் பதிந்து முழங்கால் சற்றே மடங்கியிருக்கும்படி சீட்டை முன்னே தள்ளிக்கொண்டால்தான் முழு பலமும் மிதியில் இறங்கும். குடும்பத்தோடு பாபநாசத்துக்கோ, ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கோ செல்பவர்கள், முன்சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு செல்வதை நான் அடிக்கடி காண்கிறேன். முழு பிரேக்கில் எந்தத் தாயின் கையாலும் குழந்தையைப் பிடித்துவைக்க முடியாது. பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும். பொங்கல் பானையும் குத்துவிளக்கும் டிக்கிக்குள் இருக்க வேண்டும்.

வண்டி நின்றதும் நான்கு இண்டிகேட்டரும் எரியும் பொத்தானை அழுத்துங்கள். கண்ணாடியில் பின்னால் பாருங்கள். மான் கூட்டம் போனபின் உடனே அங்கிருந்து நகருங்கள். ஒருவேளை மோதிவிட்டால், வண்டியை ஓரங்கட்டி, எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் வைத்து, ஆட்களைச் சாலையை விட்டு இறங்கி நிற்கச் செய்யுங்கள். யாருக்கேனும் காயம் என்றால் 108. மற்ற உதவிக்கு 112. தேசிய நெடுஞ்சாலையில் 1033. அடிபட்ட மானுக்கு அருகில் செல்லாதீர்கள். வலியில் அது உதைக்கும், கொம்பால் குத்தும், மனிதரைக் கண்ட பயத்தில் மறுபடி சாலைக்கே பாயும். தண்ணீர் புகட்டுவதும் தூக்கி வண்டியில் ஏற்றுவதும் வேண்டாம். வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்வதே அதற்குச் செய்யும் பெரிய உதவி. தவறுதலாக அடிபட்டு இறந்த வனவிலங்கும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அரசின் சொத்து; இறைச்சிக்காக அதைத் தொடுபவர் குற்றவாளியாவார். வண்டியின் சேதத்தை அங்கேயே படமெடுத்து வையுங்கள். முழுக் காப்பீடு இருந்தால்தான் உங்கள் வண்டிக்கு இழப்பீடு கேட்க முடியும், மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் கிடைக்காது.

மோதாமல் தப்பியிருந்தாலும், பக்கத்தில் உள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணைக் குறித்துக்கொண்டு, நேரத்தோடு சேர்த்து வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். மான்கள் பழகிய தடத்திலேயே மீண்டும் மீண்டும் கடப்பதால், எச்சரிக்கைப் பலகையை எந்தக் கல்லருகே நட வேண்டும், நடுத்திட்டின் செடிகளை எங்கே வெட்டிவிட வேண்டும் என்று கேட்க அந்த எண்கள்தான் பயன்படும்.