ஒரு துள்ளலுக்கு மேல் வேண்டாம்

பாளையங்கோட்டையில் இருக்கும் என் அக்கா மகன் பைலட் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறான். "அவ்வளவு உயரத்தில் எஞ்சின் நின்னுட்டா?" என்று அக்காவுக்குத் தூக்கம் இல்லை. உயரத்தில் இருந்தாலாவது யோசிக்க நேரம் கிடைக்கும். எனக்குக் கவலை தரைக்குப் பக்கத்துச் சில நூறு அடிதான்.

கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் பெரும்பாலும் சர்க்யூட்: ஏறி, ஆயிரம் அடியில் ஓடுதளத்தைச் சுற்றி வந்து இறங்கி, சக்கரம் உருளும்போதே பவர் கொடுத்து மறுபடி ஏறுவது.

இதில் பெரிய தவறு, கெட்டுப்போன லேண்டிங்கை ஒட்டுப்போடப் பார்ப்பது. வேகம் கூடிப்போனால் செஸ்னா மாதிரி சின்ன விமானம் தரையில் பட்டுத் துள்ளும். பதறி மூக்கை அமுக்கினால் முன்சக்கரம் முதலில் இடித்து, அடுத்த துள்ளல் இன்னும் பெரிதாகும். இரண்டு மூன்றில் முன்சக்கரத் தண்டோ ப்ரொப்பெல்லரோ போய்விடும். முதல் பெரிய துள்ளலிலேயே முழுப் பவர் கொடுத்து, இறங்குவதைக் கைவிட்டு மறுபடி ஏறி, 'கோ அரவுண்ட்' போய்விட வேண்டும். அப்போது மூக்கு மேலேயும் இடப்பக்கமும் இழுக்கும். அதை அடக்கி, வலது ரட்டரை (வால் சுக்கானைத் திருப்பும் மிதி) மிதித்து, இறங்குவதற்காகச் சிறகின் பின்விளிம்பில் தாழ்த்திய ஃபிளாப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மடக்க வேண்டும்.

"இன்னைக்கு ரெண்டு தடவை கோ அரவுண்ட் போயிட்டேன் மாமா" என்று வெட்கத்தோடு சொன்னான். "நல்ல காரியம் பண்ணுனலே" என்றேன்.

அடுத்தது, இறங்குவதற்காக ஓடுதளத்துக்கு நேராகத் திரும்பும் கடைசித் திருப்பம். நம்மூர்ச் சாரல் காலத்துக் காற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். வாகைகுளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலைய ஓடுதளம் ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. மேற்கு நோக்கி இறங்க இடப்பக்கமாகச் சுற்றி வந்தால், ஓடுதளத்தை நோக்கி வடக்கே வரும்போது தென்மேற்குக் காற்று முதுகில் தள்ளும். ஓடுதளத்தின் நேர்கோட்டைத் தாண்டிவிடுவோம். அதைப் பிடிக்க ரட்டரை மிதித்து மூக்கைத் திருப்பி, கூடவே விமானத்தையும் சாய்த்து இழுத்தால் ஆபத்து. உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் ஸ்டால் வேகம், அதாவது எந்த வேகத்துக்குக் கீழே போனால் சிறகு தூக்காதோ அது, சுமார் 41 சதவீதம் கூடுகிறது. உள்பக்கச் சிறகு தூக்குவதை நிறுத்தினால் விமானம் சுழன்று விழும். மீட்க அங்கே உயரம் இருக்காது. தாண்டிப்போனால் போகட்டும், இன்னொரு சுற்று வரலாம்.

வெயிலையும் மறக்கக் கூடாது. சூட்டில் காற்று அடர்த்தி குறைந்துவிடும்; 38 டிகிரியில் கடல் மட்டத்து ஓடுதளம்கூட 2,500 அடிக்கு மேலே இருப்பது போலத்தான். ஓட்டம் நீளும், ஏற்றம் மந்தமாகும்.

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். ஏறிய கையோடு எஞ்சின் நின்றால் ஓடுதளத்துக்குத் திரும்பப் பார்க்கக் கூடாது. உடனே மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றி, நேர் எதிரே தெரிகிற தரிசோ வயலோ, அதில் இறக்க வேண்டும். விமானம் நொறுங்கினாலும் பரவாயில்லை.