பழைய மாருதியில் துருப்பிடித்த பிரேக் பைப்: கண்டுபிடிப்பதும் மாற்றுவதும்

பெடலை மிதித்தால் அந்த அழுத்தத்தை நான்கு சக்கரத்துக்கும் கொண்டுபோவது பென்சிலைவிட ஒல்லியான ஓர் இரும்புப் பைப். வெளி விட்டம் 4.76 மி.மீ., அதாவது 3/16 அங்குலம். சுவரின் கனம் முக்கால் மில்லிமீட்டர் அளவுதான். ஓங்கி மிதிக்கும்போது இதற்குள் 70 பாருக்கு மேல் அழுத்தம் ஏறும். டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 2 பார், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அந்த முக்கால் மில்லிமீட்டரில் பாதியைத் துரு தின்றுவிட்டாலும் வண்டி வழக்கம்போல நிற்கும். சிக்னலில் மெதுவாக மிதிக்கிறவரை எந்த வித்தியாசமும் தெரியாது. மாடு குறுக்கே வந்து, உள்ள பலத்தையெல்லாம் போட்டு மிதிக்கிற நாளில்தான் பைப் பிளக்கும். பிரேக் மிகவும் தேவைப்படுகிற நொடியில் போவதுதான் இந்தக் கோளாறின் குணம்.

சென்னை போன்ற 13 நகரங்களில் பி.எஸ். 4 புகை மாசு விதி வந்த 2010 ஏப்ரலோடு மாருதி 800 விற்பனை நின்றது. ஆகவே இங்கே புதிதாக வாங்கிய 800 எதுவானாலும் 15 வயதைத் தாண்டியிருக்கும். திருவான்மியூர், எண்ணூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று வீசும் இடத்தில் நின்ற வண்டி என்றால் இன்னும் மோசம். எஃப்.சி.க்குப் பெயிண்ட் அடிக்க விடுகிற நேரத்திலேயே இதையும் பார்த்துவிடுங்கள்.

"ரெண்டு சர்க்யூட் (தனித்தனி பிரேக் ஆயில் வழி) இருக்கே, ஒண்ணு போனா இன்னொண்ணு பிடிக்கும்" என்பார்கள். பிடிக்கும்தான். ஆனால் பெடல் பாதிக்கு மேல் இறங்கிய பிறகு பிடிக்கும், வண்டி நிற்கும் தூரமும் வெகுவாக நீளும். ஒற்றை சர்க்யூட் உள்ள மிகப் பழைய வண்டியில் மிஞ்சுவது கேபிளில் இயங்கும் ஹேண்ட் பிரேக் மட்டும்.

எங்கே பார்ப்பது

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்ட் வைத்து, தரையில் இருக்கும் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். கையில் டார்ச், பழைய டூத் பிரஷ், 400 நம்பர் எமரி தாள் போதும்.

கண்ணுக்குத் தெரிகிற நீளமான பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். துரு பிடிப்பது கிளிப்புக்கு உள்ளே. பைப்பை பாடியோடு பிடித்து நிறுத்தும் கிளிப்பின் இடுக்கில் சேறும் உப்புத் தண்ணீரும் தங்கும். வண்டி அதிர அதிரப் பைப்பின் மேல்பூச்சு அங்கே தேயும். இரண்டும் சேர்ந்தால் பைப் வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே அரித்துவிடும். அதனால் ஒவ்வொரு கிளிப்பையும் கழற்றிப் பார்த்தே ஆகவேண்டும். அடுத்ததாக பெட்ரோல் டேங்குக்கு மேல் போகிற துண்டு, பின் ஆக்ஸிலின் மேல் உட்கார்ந்திருக்கும் துண்டு, சக்கர வளைவுக்குள் ரப்பர் ஹோஸோடு சேரும் இணைப்பு.

துருவை பிரஷ்ஷால் தட்டி, எமரியால் லேசாகத் தேயுங்கள். மேல்பூச்சாகப் படிந்த பழுப்பு என்றால் வழவழப்பான இரும்பு வந்துவிடும். குழி விழுந்திருந்தால் நகத்தை ஓட்டிப் பாருங்கள்: நகம் மாட்டினால் அந்தப் பைப் முடிந்தது. தேய்க்கும்போதே கசிய ஆரம்பித்தால் நல்லதாகப் போயிற்று, ரோட்டில் கசியவில்லை. இணைப்பைச் சுற்றித் தூசி கறுத்து ஈரமாக ஒட்டியிருந்தாலும் அது பிரேக் ஆயில்தான்.

அடிப்பகுதி முழுக்கக் கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்த வண்டியைச் சந்தேகத்தோடு பாருங்கள். துருவின் மேலேயே அடித்திருந்தால் கோட்டிங் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். வாங்கப்போகிற பழைய வண்டி என்றால் கிளிப் பக்கத்தில் கோட்டிங்கைச் சுரண்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஒரு துண்டில் குழி விழுந்திருந்தால் அந்த இணைப்பிலிருந்து அடுத்த இணைப்பு வரை முழுப் பைப்பையும் மாற்றுங்கள். அதே வயது, அதே தண்ணீர், அதே கிளிப். மிச்சமும் வரிசையில் நிற்கிறது.

என்ன வாங்குவது

உங்கள் மாடலுக்கு இரண்டு முனையும் பிளேர் போட்டு (கசியாமல் உட்கார முனையை விரித்து), நட் மாட்டி ரெடியாக வரும் பைப் கிடைத்தால் முதல் தடவை அதையே வாங்குங்கள். சென்னை ஜி.பி. ரோடு கடைகளில் பழைய பைப்பையே எடுத்துப்போய்க் காட்டிக் கேட்பது நல்லது. பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் டூல் வாங்கலாம். பழைய பிரேக் பைப் மட்டும் வேண்டாம், அதுவும் உங்கள் வண்டியின் வயதுதான்.

சுருளாக வாங்கி நாமே செய்வதென்றால் செம்பு-நிக்கல் கலவைப் பைப்தான் என் தேர்வு. கிட்டத்தட்ட 90 சதவீதம் செம்பு, 10 சதவீதம் நிக்கல். உப்புக்கு அசையாது, கையால் வளையும், பிளேரும் பிளக்காமல் விழும். பூச்சு போட்ட இரும்புப் பைப்பும் சரியானதே, ஆனால் புதிதாகச் செய்பவரை நன்றாகப் படுத்தும். வெறும் செம்பு வேண்டாம். அதிர்வில் அது இறுகி வெடிப்பு விடும். ஏசிக்குப் போடும் செம்புக் குழாயின் பக்கமே போகாதீர்கள்.

நட் பெரும்பாலும் 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. மரை. வாங்கும் முன் பழைய இணைப்பில் புது நட்டைக் கையாலேயே திருகிப் பாருங்கள். விரலால் கடைசிவரை ஓட வேண்டும்.

டூல்: 10 மி.மீ. பிளேர் நட் ஸ்பேனர், சின்ன டியூப் கட்டர், டபுள் பிளேர் டூல், நிப்பிளுக்கு (சக்கரத்தில் காற்று எடுக்கும் திருகு) 8 மி.மீ. ரிங் ஸ்பேனர், ஒரு முழம் டிரான்ஸ்பரன்ட் டியூப், மூடி திறக்காத அரை லிட்டர் பிரேக் ஆயில். பிளேர் நட் ஸ்பேனர் என்பது பைப் நுழைய ஒரு வெட்டு விட்ட ரிங் ஸ்பேனர். சாதாரண திறந்த வாய் ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கத்தை மட்டும் பிடித்து முனையை மழுக்கிவிடும். மழுங்கிய பிறகு அதைக் கழற்ற அரை நாள் போகும்.

பழையதைக் கழற்றுவது

முந்தின இரவே இணைப்புகளில் துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். கழற்றுவதற்கு முன் பெடலை இரண்டு மூன்று செ.மீ. அழுத்தி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு குச்சியை முட்டுக் கொடுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் (பெடல் அழுத்தத்தை ஆயிலுக்கு மாற்றும் சிலிண்டர்) வாய் அடைபட்டு, அதன் மேலுள்ள ஆயில் டேங்கில் இருக்கும் ஆயில் முழுக்கக் கொட்டாமல் நிற்கும்.

நட் சுற்றும்போது பைப்பும் சேர்ந்து முறுக்கினால் நிறுத்துங்கள். எப்படியும் தூக்கிப் போடப்போகிற பைப்தானே, நட்டை ஒட்டி கட்டிங் பிளேயரால் வெட்டிவிட்டு, ஆறு முனை 10 மி.மீ. சாக்கெட் போட்டுத் திருகினால் வந்துவிடும். கேஸ் டார்ச் வைத்துச் சூடு காட்டுவதெல்லாம் பெட்ரோல் டேங்க் பக்கத்தில் வேண்டாம். ரப்பர் ஹோஸ் சேரும் இடத்தில் இன்னொரு ஸ்பேனரால் ஹோஸின் முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஹோஸ் முறுக்கிக்கொள்ளும். திறந்த வாய்களை ரப்பர் மூடியால் அடையுங்கள்.

பிளேர் போடுவது

வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். அவசரம் வேண்டாம்.

பழைய பைப்பின் மேல் ஒரு கட்டுக்கம்பியை ஒட்டி வளைத்து, பிறகு நிமிர்த்தி அளவெடுங்கள். முனைக்கு 1 செ.மீ. கூடுதலாக வெட்டுங்கள். ஹேக்சா வேண்டாம், தூளும் கோணலும் வரும். டியூப் கட்டரைச் சுற்றுக்குக் கால் திருப்பு மட்டும் இறுக்கி நிதானமாக வெட்டுங்கள். உள்விளிம்பில் நிற்கும் பிசிறைச் சுரண்டி, வெளிவிளிம்பை அரத்தால் லேசாக மழுக்கி, காற்றடித்துத் தூளை வெளியேற்றுங்கள்.

இப்போது நட்டைப் பைப்பில் கோத்துவிட்டீர்களா? மரை உள்ள பக்கம் முனையை நோக்கி இருக்க வேண்டும். இரண்டாவது நட் அதற்கு எதிர்த்திசையில். பிளேர் போட்ட பிறகு நட் உள்ளே போகாது. அனுபவம் உள்ளவர்களும் இதை மறந்துவிட்டு மறுபடி வெட்டுவதுண்டு.

பைப்பை டூலின் கட்டையில் வைத்துப் பிடிக்கும்போது எவ்வளவு வெளியே நீட்டுவது என்பதில்தான் சூட்சுமம். 4.76 அளவு குறித்த சின்ன அடாப்டரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். அதன் படி எவ்வளவு உயரமோ, பைப் அவ்வளவே நீட்ட வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினால் பிளேர் ஒரு பக்கம் சாயும், குறைந்தால் மடிப்பு முழுதாக விழாது. கட்டையின் இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி நன்றாக இறுக்குங்கள். பிடிப்பில் ஆயில் இருந்தால் பைப் பின்னால் வழுக்கும், அதனால் ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள். அடாப்டரின் முள்ளுக்கு மட்டும் ஒரு சொட்டு பிரேக் ஆயில்.

அடாப்டரை முள் உள்ளே போகும்படி வைத்து, கட்டையைத் தொடும்வரை ஸ்குரூவைத் திருகி எடுத்தால் முனை குமிழ் மாதிரி உப்பியிருக்கும். அடாப்டரை எடுத்துவிட்டு ஸ்குரூவின் நுனியில் உள்ள கூம்பாலேயே மறுபடி அழுத்துங்கள். குமிழின் உதடு உள்ளே மடிந்து இரட்டைச் சுவர் ஆகும். அதுதான் டபுள் பிளேர்.

முடிந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வட்டம் நடுவில் இருக்க வேண்டும், உட்புறம் வழவழவென்று மின்ன வேண்டும். மயிரிழை வெடிப்பு தெரிந்தால் வெட்டி எறியுங்கள். வெடிப்புக்குக் காரணம் நீக்காத பிசிறு, சாய்வுக்குக் காரணம் கோணல் வெட்டு அல்லது அடாப்டர் நேராக உட்காராதது. வீணான துண்டில் ஐந்து பிளேராவது போட்டுப் பழகிவிட்டு நிஜப் பைப்பைத் தொடுங்கள். வாங்குவதானால் வைஸில் பிடிக்கிற, தலையைத் திருப்பி வைக்கிற டூல் வாங்குங்கள். சிறகு நட் வைத்த மலிவுக் கட்டை செம்பு-நிக்கலுக்குத் தாக்குப்பிடிக்கும், இரும்புக்கு வழுக்கும்.

இரண்டு எச்சரிக்கை. ஏசி மெக்கானிக்கிடம் போடுவது ஒற்றைச் சுவர் பிளேர். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், பிரேக் அழுத்தத்தில் பிளந்துவிடும். ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் முதல் கட்டக் குமிழோடு நிறுத்திய பிளேர் வரும். அதையும் இதையும் மாற்றிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

பொருத்துவது

பெரிய சாக்கெட்டைச் சுற்றி வளைத்தால் பைப் நசுங்காது. சைலன்சரிலிருந்து தள்ளி, பழைய கிளிப் இருந்த இடத்திலெல்லாம் கிளிப் போடுங்கள். பைப்பைச் சுற்றிப் பழைய டியூப் ரப்பரைச் சுற்றும் வழக்கம் உண்டு. வேண்டாம், ரப்பருக்குள் தண்ணீர் தங்கும்.

நட்டுகளை முதலில் விரலால் முழுக்க ஓட்டிவிட்டுப் பிறகு ஸ்பேனர். சுசுகி சொல்லும் இறுக்கம் 16 நியூட்டன் மீட்டர், அதாவது ஒரு சாண் ஸ்பேனரில் சும்மா ஒரு இழுப்பு. கசிந்தால் மேலும் மேலும் இறுக்காதீர்கள். ஒரு தடவை தளர்த்தி மறுபடி இறுக்குங்கள். அப்போதும் கசிந்தால் பிளேர் தவறு.

காற்று எடுப்பது

பைப்பைக் கழற்றியபோது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஆயில் டேங்க் மூடியில் எழுதியிருக்கும் வகையையே ஊற்றுங்கள், டாட் 3 அல்லது டாட் 4. மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரம் முதலில். நம் வண்டியில் ஸ்டியரிங் வலப்பக்கம், ஆகவே இடது பின், வலது பின், இடது முன், வலது முன். டியூபின் ஒரு முனையை நிப்பிளில் மாட்டுங்கள், மறுமுனை ஆயிலுள்ள பாட்டிலில் மூழ்கியிருக்கட்டும். உள்ளே இருப்பவர் மிதித்துப் பிடிக்க, வெளியே இருப்பவர் நிப்பிளைத் திறந்து மூட, பிறகுதான் கால் எடுக்க வேண்டும். குமிழி நிற்கும்வரை இப்படியே. டேங்கில் ஆயில் பாதிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள், இல்லாவிட்டால் முதலிலிருந்து.

பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் வாஷர் வழக்கமாகப் போகாத ஆழத்தில் துரு இருக்கும். தரைவரை மிதித்தால் வாஷர் அதில் உரசிக் கிழியும். பைப்பைச் சரிசெய்துவிட்டு சிலிண்டரைக் கெடுத்துக்கொள்வது இப்படித்தான்.

கடைசியாக இன்ஜினை ஓடவிட்டு, ஒரு நிமிஷம் விடாமல் ஓங்கி மிதித்துப் பிடியுங்கள். பெடல் மெல்ல இறங்கக்கூடாது. ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். பிறகு ஆளில்லாத இடத்தில் 20 கி.மீ. வேகத்தில் ஓட்டி நிறுத்தி, மறுபடி ஒற்றுங்கள். ஒரு வாரம் கழித்தும் ஒரு தடவை.

பின்னர் சேர்த்தது

பழுதான துண்டை மட்டும் வெட்டி, பித்தளை வளையம் போட்டு நெரிக்கும் இணைப்பால் ஒட்டலாமா என்று பலரும் கேட்கிறார்கள். கூடாது. அது தண்ணீர்க் குழாய்க்கு. பிரேக் அழுத்தத்தில் பைப் அதிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். பற்றவைப்பதும் கூடாது.

2015, 2023 டிசம்பர் மாதிரி வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் கிளிப்புகளைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுங்கள், பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். அது தண்ணீரை உறிஞ்சும் சரக்கு.

பிரேக் ஆயில் வண்டியின் பெயிண்டில் பட்டால் துடைக்காதீர்கள், உடனே தண்ணீர் ஊற்றுங்கள். பைப்பையோ சிலிண்டரையோ பெட்ரோல், மண்ணெண்ணெய் விட்டுக் கழுவாதீர்கள். ஒரு சொட்டு உள்ளே தங்கினாலும் ரப்பர் வாஷர் ஊதிப்போய், மிதித்த பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும். அப்படி ஆகிவிட்டால் மாஸ்டர் சிலிண்டர் முதல் வீல் சிலிண்டர் வரை எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டியதுதான்.