வயிற்றுக் கோளாறும் சீ.ஆர்.பி. ரிப்போட்டும்: எங்கே தடுமாறுகிறோம்?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ, வைத்தியரின் துண்டு இல்லாமலே லாப்புக்குப் போய் இரத்தம் கொடுத்துவிட்டு வரலாம். வயிறு ஊதுகிறது, ஒரு நாள் மலச்சிக்கல், மறுநாள் வயிற்றோட்டம் என்று மாதக்கணக்கில் அவதிப்படுகிறவர்கள் பலர், உடம்பில் அழற்சி உண்டா என்று காட்டும் சீ.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். என்ற இரண்டு இரத்தப் பரிசோதனைகளையும் தாங்களாகவே செய்துவிடுகிறார்கள். செய்வதில் பிழையில்லை. அந்த இலக்கத்தை வாசிப்பதில்தான் சிக்கல்.

சீ.ஆர்.பி. சாதாரணமாக வந்ததும், "ரிப்போட்ல ஒண்டுமில்லை, எல்லாம் உன்ர யோசினைதான் பிள்ளை" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். எனக்கு இதுதான் மிக மோசமான தவறாகப் படுகிறது. இப்படி வயிற்று வலியும் மலப்போக்கில் மாற்றமும் திரும்பத் திரும்ப வரும் கோளாறுதான் ஐபிஎஸ் (இரிட்டபிள் பவல் சின்ட்ரோம்). அது உள்ளவர்களுக்குச் சீ.ஆர்.பி. பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். குடலின் அசைவும், குடலுக்கும் மூளைக்கும் இடையிலான நரம்புத் தொடர்பும் சீர்கெடுவதுதான் அங்கே பிரச்சினை. புண்ணோ வீக்கமோ அல்ல. ஐபிஎஸ் நோயாளிகளின் சராசரி சற்றுக் கூடுதல் என்று சில ஆய்வுகள் கண்டாலும், அதுவும் சாதாரண எல்லைக்குள்தான். ஒரு தனி ஆளுக்கு ஐபிஎஸ் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. வலி மட்டும் நிஜமான வலி.

இலக்கம் கூடிவிட்டால் நேர்மாறான பதற்றம். சீ.ஆர்.பி. ஒரு புரதம், அதை உற்பத்தி செய்வது ஈரல். அழற்சி உடம்பில் எங்கே இருந்தாலும் அது ஏறும். தொண்டைப் புண், முரசு வீக்கம், டெங்குக் காலத்துக் காய்ச்சல், ஏன், உடற்பருமன் கூடப் போதும். சில மணித்தியாலங்களில் ஏறத் தொடங்கி இரண்டு நாளளவில் உச்சம் தொடும். காரணம் நீங்கினால் ஏறக்குறைய 19 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகும். காய்ச்சலோடு எடுத்த ரிப்போட்டை வைத்துக் குடலைச் சந்தேகிப்பது வீண். சுகமாகி இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம். ஈ.எஸ்.ஆர். இன்னும் மந்தம். வயது, கர்ப்பம், இரத்தச்சோகை எல்லாம் அதைக் கூட்டும்.

அப்புறம் அலகு. ஒரு லாப் லீற்றருக்கு 5 மில்லிகிராம் என்று போடும், இன்னொன்று டெசிலீற்றருக்கு 0.5 என்று போடும். இரண்டும் ஒரே அளவு. பழைய ரிப்போட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து "பத்து மடங்கு ஏறிட்டுது" என்று பயப்படுமுன் அலகைப் பாருங்கள்.

குடலில் அழற்சி உண்டா என்பதை இரத்தத்தைவிட மலம் நன்றாகச் சொல்லும். மலக்குடலில் மட்டும் புண் இருக்கும் பெருங்குடல் அழற்சியில் சீ.ஆர்.பி. சாதாரணமாகவே இருக்கலாம். அந்த இடத்தில் உதவுவது மலத்தில் பார்க்கும் கல்ப்ரொடெக்டின், அதாவது குடலில் அழற்சி இருந்தால் மலத்தில் கூடும் ஒரு புரதம். கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குடல் அழற்சி நோய்க்கு வாய்ப்புக் குறைவு. டைக்ளோஃபெனக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் இந்த அளவை உயர்த்தும். பாமசியில் வாங்கிப் போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றோட்டம், ஹீமோகுளோபின் குறைவு, குடும்பத்தில் குடல் புற்றுநோய்: இவற்றில் ஒன்று இருந்தாலும் சீ.ஆர்.பி. எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்காமல் நிபுணரைச் சனல் பண்ணுங்கள். போகும்போது ரிப்போட்டோடு இன்னொன்றும் வேண்டும்: வாரத்தில் எத்தனை நாள் வலி, மலம் கழித்தால் கூடுகிறதா குறைகிறதா, எப்போது தொடங்கியது என்ற விபரம். நிபுணர்கள் வகுத்து 2016இல் வெளிவந்த ரோம் 4 என்ற அளவுகோல் ஐபிஎஸ்ஸைத் தீர்மானிப்பது இந்தப் பதில்களை வைத்துத்தான்.